சிவகாசிக் காற்றில் எவ்வளவு தண்ணீர்?

93, 85, 74, 62. இந்த நான்கு எண்களும் பிடிபட்டுவிட்டால், சிவகாசி ஏன் சிவகாசியில் இருக்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும்.

வெடியுப்பு என்று நாம் சொல்லும் பொட்டாசியம் நைட்ரேட்டின் எண் 93. சிவப்பு மத்தாப்புக்குச் சேர்க்கும் ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டுக்கு 85. சோடியம் நைட்ரேட்டுக்கு 74. உரத்திலும் கல்குவாரி வெடிமருந்திலும் சேரும் அமோனியம் நைட்ரேட்டுக்கு 62. 25 டிகிரி வெப்பத்தில், காற்றின் ஈரப்பதம் இந்தச் சதவீதத்தைத் தாண்டிய நொடியிலிருந்து அந்த உப்பு சும்மா இருக்காது. காற்றில் இருக்கும் நீராவியைப் பிடித்து இழுத்து, அந்தத் தண்ணீரிலேயே தன்னைக் கரைத்துக்கொள்ளத் தொடங்கும். எண்ணுக்குக் கீழே ஈரப்பதம் இருக்கும்வரை அதே உப்பு வறண்ட பொடியாக, ஒன்றும் அறியாததுபோல் கிடக்கும்.

பட்டாசு ஏன் இந்த ஊரில் என்று யாரைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில் வரும்: வெயில். அந்தப் பதில் எனக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. வெயில் சென்னையிலும் அடிக்கிறது. மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. ஆனால் பிற்பகலில் கடற்காற்று நுழைந்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்கிறது. அந்தக் காற்றில் மருந்தைப் பரப்பிக் காயவைக்க யாரும் துணியமாட்டார்கள். உலர்த்துவதற்கு வெப்பம் மட்டும் போதாது. காற்றில் இடம் வேண்டும், இன்னும் கொஞ்சம் தண்ணீரை வாங்கிக்கொள்ள.

அந்த இடம் எவ்வளவு என்பது வெப்பத்தோடு சேர்ந்து மாறும். 25 டிகிரி காற்றில் ஒரு கனமீட்டருக்கு ஏறத்தாழ 23 கிராம் நீராவிதான் தங்க முடியும். 38 டிகிரியில் அது 46 கிராம். சரியாக இரண்டு மடங்கு. விடியற்காலையில் 80 சதவீத ஈரப்பதத்தோடு இருக்கும் காற்று, ஒரு சொட்டுத் தண்ணீரையும் இழக்காமலேயே பிற்பகல் இரண்டு மணிக்கு 40 சதவீதக் காற்றாகிவிடும். ஆகவே ஈரப்பதம் என்பது காற்றில் உள்ள தண்ணீரின் அளவைச் சொல்வதில்லை. இன்னும் எவ்வளவு குடிக்கக் காற்றுக்குத் தாகம் இருக்கிறது என்பதைச் சொல்கிறது.

உப்பு ஏன் ஒரு குறிப்பிட்ட எண்ணில் திடீரென்று விழித்துக்கொள்கிறது? எந்தப் பொருளின் மேற்பரப்பிலும் நீர் மூலக்கூறுகள் ஓயாமல் வந்து ஒட்டிக்கொண்டும், கழன்று பறந்துகொண்டும் இருக்கின்றன. வெறும் தண்ணீராக இருந்தால் அவை எளிதில் பறந்துவிடும். உப்பு கரைந்த தண்ணீரிலோ, உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளைக் கட்டிப் பிடித்துக்கொள்வதால் பறப்பவை குறைந்துபோகும். ஓர் உப்பு எவ்வளவு அதிகமாகக் கரைந்து எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறதோ, அதன் எண் அவ்வளவு கீழே இறங்கும். காற்றிலிருந்து வருபவை பறப்பவற்றை விஞ்சும் இடத்தில் ஈரம் சேரத் தொடங்கி, பிறகு உப்பு முழுவதும் கரையும்வரை நிற்பதில்லை. அடுக்களையில் உப்பு ஜாடி ஐப்பசி மாதத்தில் கசிவது இதனால்தான். தூய சமையல் உப்பின் எண் 75. ஆனால் கல்லுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடின் எண் 33 மட்டுமே. ஜாடியை முதலில் நனைப்பது உப்பு அல்ல, உப்போடு வந்த விருந்தாளி. வெடியுப்பு வாங்குபவர்கள் அதன் தூய்மையைப் பற்றி ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறார்கள் என்பதற்கும் இதே காரணம்தான்: 93 என்பது சுத்தமான சரக்கின் எண். கொஞ்சம் அழுக்கு சேர்ந்தால் அந்தக் கோடு எங்கோ கீழே இறங்கிவிடும்.

சோடியம் நைட்ரேட்டைப் பற்றி ஒரு வார்த்தை. எடைக்கு எடை பார்த்தால் அது வெடியுப்பைவிட அதிக ஆக்சிஜனைத் தருகிறது. ஒரு கிலோ சோடியம் நைட்ரேட்டில் எரிதலுக்குக் கிடைப்பது சுமார் 470 கிராம். வெடியுப்பில் 400 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கணக்குப்படி பட்டாசுக்காரர்கள் அதைத்தான் விரும்பியிருக்க வேண்டும். 74 என்ற எண் அந்த ஆசையைக் கெடுத்துவிட்டது. மழைக்கால இரவில் 74 என்பது சிவகாசியிலேயே சாதாரணம். போதாக்குறைக்கு சோடியத்தின் மஞ்சள் வெளிச்சம் மற்ற எல்லா நிறங்களையும் விழுங்கிவிடும். மஞ்சள் வேண்டுமென்றாலும் சோடியம் ஆக்சலேட், கிரையோலைட் போன்ற, ஈரத்தை அண்டவிடாத சோடியச் சேர்மங்களைத் தேடித்தான் போகிறார்கள்.

இனி காற்றைப் பார்ப்போம். சிவகாசியிலிருந்து மேற்கே 20 கிலோமீட்டர் போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தால் மேற்குத்தொடர்ச்சி மலை. அந்தப் பக்கம் கேரளம். அதன் சராசரி ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். இந்தப் பக்கம் விருதுநகர் மாவட்டத்தில் சுமார் 800. அந்த 800-லும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வங்கக் கடல் பக்கமிருந்து வருவது. கேரளம் முழுவதும் நனைந்துகொண்டிருக்கும் ஆனி, ஆடியில் கரிசல் காட்டில் புழுதிதான் பறக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரபிக் கடலோரத்தில் 28 டிகிரியில், 80 சதவீதம் ஈரப்பதத்தோடு ஒரு பொட்டலம் காற்று கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். மலையில் ஏறும்போது அழுத்தம் குறைவதால் அது விரிகிறது, விரிவதால் குளிர்கிறது. ஒவ்வொரு நூறு மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி. அரைக் கிலோமீட்டர் உயரத்தில் 23 டிகிரிக்கு வந்ததும் மேகம் கட்டுகிறது. இதற்குமேல் கதை மாறுகிறது. நீராவி துளியாகும்போது தான் ஒளித்து வைத்திருந்த வெப்பத்தைக் காற்றுக்குக் கொடுத்துவிடுவதால், குளிர்வது பாதியாகக் குறைகிறது. 1,500 மீட்டர் உச்சியைத் தொடும்போது 18 டிகிரி. மழை அந்தப் பக்கமே கொட்டித் தீர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் இறங்கும்போது கரையக் கையில் துளி இல்லை. நூறு மீட்டருக்கு ஒரு டிகிரி என்ற முழு வேகத்தில் காற்று சூடேறுகிறது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 100 மீட்டர் உயரத்தில் இருக்கும் சிவகாசிக்கு வந்து சேரும்போது 32 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி. புறப்பட்டபோது இருந்ததைவிட நாலு டிகிரி கூடுதல் சூடு. இதில் சூரியனுக்குப் பங்கே இல்லை. வெயில் இதற்குமேல் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது.

உண்மையான காற்று இவ்வளவு ஒழுங்காகப் பாடம் படிக்காதுதான். செங்கோட்டைக் கணவாய் வழியாகக் கொஞ்சம் ஈரம் நழுவி வந்து குற்றாலத்தில் சாரலாக விழுகிறது. ஆனால் கணவாயிலிருந்து வடகிழக்கே தள்ளியிருக்கும் சாத்தூர், சிவகாசி, விருதுநகர் வட்டாரத்துக்கு அந்தச் சாரலின் வாசனைகூட அபூர்வம். மழைக் கடல்களுக்கு நடுவே இது ஒரு வறண்ட தீவு.

தீவு என்றதும் நிஜமான தீவு ஒன்று நினைவுக்கு வருகிறது. இதே தென்மேற்குக் காற்று இலங்கையிலும் இதே வித்தையைச் செய்கிறது. ஹட்டன், நுவரெலியா பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையின் மறுபுறம் ஊவா மாகாணத்தில் காய்ந்துபோய் இறங்குகிறது. இன்னும் கீழே மட்டக்களப்பில் அதைக் கச்சான் காற்று என்று சொல்லி ஜன்னலைச் சாத்துகிறார்கள். ஊவா மாகாணத்தில் பண்டாரவளை ஒரு சின்ன மலை நகரம், சுற்றிலும் தேயிலை. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்த வறண்ட காற்று தேயிலைச் செடியை வாட்டும். வாடிய செடி தன்னைக் காத்துக்கொள்ளச் சில வேதிப்பொருள்களைக் கூட்டிச் சுரக்கிறது. அவற்றில் ஒன்று மெத்தில் சாலிசிலேட், தைலத்தில் மணக்கும் அதே பொருள். ஊவாத் தேநீருக்கு உலகச் சந்தையில் தனி விலை கிடைப்பது அந்த மூன்று மாத மணத்துக்காக. அதைப் பறித்த கைகளில் கணிசமானவை மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து போனவர்களின் வழிவந்தவை. வறட்சிக்குப் பயந்து கடல் தாண்டிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், அங்கேயும் ஒரு மழைமறைவுப் பிரதேசத்தில் வறட்சியை விற்றுப் பிழைத்திருக்கிறார்கள். போகாமல் கரிசலிலேயே நின்றவர்கள் அதை வேறு விதமாக விற்றார்கள்.

எப்படி என்பது இந்தப் பகுதியில் அனேகம் பேருக்குத் தெரிந்த கதை. 1920-ல் நகராட்சியான சிவகாசி அப்போது ஒரு சின்ன வியாபார ஊர். வானம் பார்த்த பூமி. பருத்தியும் கம்பும் சோளமும். 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்று இரண்டு உறவினர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யும் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். அதே காலத்தில் சுவீடன் நாட்டு முதலாளிகள் விம்கோ என்ற பெயரில் இந்தியாவில் இயந்திரத் தீப்பெட்டித் தொழிற்சாலைகளை நிறுவிக்கொண்டிருந்தார்கள். இயந்திரத்தோடு கைத்தொழில் போட்டியிட்டு நின்றதற்குக் கூலி மலிவு என்பது ஒரு காரணம். அந்த மலிவுக்குள் குழந்தைகளின் உழைப்பும் இருந்தது. 1996-ல் உச்ச நீதிமன்றம் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்பு எழுதும்வரை அது நீண்டது. இந்தக் கறையை மறைத்துவிட்டுக் காற்றின் பெருமை மட்டும் பேசுவது நியாயமாகாது. மற்றொரு காரணம், உலர்த்துவதற்கு இங்கே யாரும் காசு கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தீப்பெட்டி ஆபீஸில் எல்லாமே உலர்த்தும் வேலைதான். (கரிசல்காட்டில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ்.) குச்சி முதலில் மெழுகில் நனைய வேண்டும். பிறகு அதன் தலை பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், வஜ்ஜிரப் பசை கலந்த கூழில் முங்க வேண்டும். முங்கிய தலை வெளியிலிருந்து மட்டும் சட்டென்று காய்ந்தால் தோல் கட்டி உள்ளே ஈரம் அகப்பட்டுக்கொள்ளும். ரொம்ப மெதுவாகக் காய்ந்தால் கூழ் வழிந்து தலை கோணிப்போகும். இடைப்பட்ட ஒரு வேகம் வேண்டும். அந்த வேகத்தைக் காற்று இங்கே ஆண்டில் பெரும்பாலான நாள்கள் இலவசமாகக் கொடுத்தது. ஆனால் குச்சிக்கு மரம்? கரிசலில் உடைமரமும் பனையும்தான். மென்மையான தீக்குச்சி மரம் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து வந்தது. எந்த மழை இந்த ஊருக்கு வராமல் அங்கேயே பெய்து தீர்ந்ததோ, அந்த மழையில் வளர்ந்த மரம், லாரியேறி மலை தாண்டி வந்து இங்கே காய்ந்தது. புவியியல் பாடத்தில் மழைமறைவுப் பிரதேசம் என்பதை வெறும் இழப்பாகச் சொல்லித்தருகிறார்கள். மலையின் இரண்டு பக்கங்களும் ஒரே தொழிலின் இரண்டு பட்டறைகளாக இருந்த கதையை யாராவது சேர்த்துச் சொல்லலாம்.

பட்டாசு பிறகு வந்தது. 1940-களில் உலகப் போர் வெளிநாட்டுப் பட்டாசின் வரவை அடைத்தபோது, குளோரேட்டையும் கந்தகத்தையும் கையாளத் தெரிந்த ஊர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. இன்று நாட்டின் பட்டாசில் சுமார் 90 சதவீதம் இந்த வட்டாரத்திலிருந்து வருவதாகச் சொல்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் சிவகாசி நகராட்சியின் மக்கள்தொகை 71 ஆயிரம்தான். 2021-ல் பக்கத்துத் திருத்தங்கலையும் சேர்த்துக்கொண்டு அது மாநகராட்சியாகிவிட்டது. ஆனால் தொழிலின் உடம்பு ஊருக்கு வெளியே, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துப் பொட்டல்களில், ஒன்றுக்கொன்று எட்ட நிற்கும் சின்னச் சின்ன அறைகளாகச் சிதறிக் கிடக்கிறது.

மூன்றாவது தொழில் அச்சு. இதைத்தான் பலர் தற்செயல் என்று நினைக்கிறார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுப் பெட்டிக்குப் படம் வேண்டும், அதனால் அச்சகம் வந்தது என்பது சரியான வரலாறு. ஆனால் வந்தது ஏன் தங்கியது, தங்கி நாட்டுக்கே காலண்டரும் டைரியும் நோட்டுப்புத்தகமும் அடித்துக் கொடுக்கும் அளவுக்கு ஏன் வளர்ந்தது என்று கேட்டால் மறுபடியும் ஈரப்பதத்திடம்தான் வந்து நிற்க வேண்டும்.

காகிதம் மரநார்களால் ஆனது. ஒவ்வொரு நாரும் ஈரம் குடித்தால் பருக்கும்; நீளத்தில் கொஞ்சமாக, அகலத்தில் பல மடங்கு அதிகமாக. ஆலையில் தாள் ஓடும் திசையில் நார்கள் பெரும்பாலும் படுத்துக்கொள்வதால், தாள் ஒரு பக்கமாக மட்டும் அதிகம் நீளும். வண்ணப்படம் அச்சடிக்க நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்று நான்கு முறை மை ஏற வேண்டும். பழைய ஒற்றை வண்ண இயந்திரத்தில் ஒரு மை காய்ந்த பிறகுதான் அடுத்தது. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவு போய்விடும். அந்த இரவில் காற்றின் ஈரப்பதம் ஏறினால் தாள் மில்லிமீட்டரின் சிறு பங்கு அளவுக்கு நீளும். அது போதும். மறுநாள் அச்சேறும் சிவப்பு, முந்தின நாள் நீலத்தின் மேல் உட்காராமல் விலகும். காலண்டரில் முருகனுக்கு உதடு இரண்டாகத் தெரியும். காற்று வறண்டிருக்கும் மாதங்கள் நிறைய உள்ள ஊரில் இந்தத் தொல்லை குறைவு. இன்றைய இயந்திரங்கள் நான்கு வண்ணத்தையும் ஒரே ஓட்டத்தில் அடித்துவிடுகின்றன, அறைக்குள் குளிரூட்டியும் இருக்கிறது. காற்றின் தயவு இப்போது அவ்வளவு தேவையில்லை. ஆனால் கற்றுத் தேர்ந்த கைகளும் தாள் வியாபாரமும் அதற்குள் ஊரில் வேரூன்றிவிட்டன.

இதுவரை சொன்னதில் வறட்சி நல்லதுபோலவே தெரியும். மருந்து அறையின் வாசலில் நின்று யோசித்தால் அப்படித் தெரியாது.

இரண்டு பொருள்கள் உரசிப் பிரியும்போது ஒன்றிலிருந்து மற்றதற்கு எலக்ட்ரான்கள் இடம் மாறுகின்றன. காற்றில் 60 சதவீதத்துக்குமேல் ஈரம் இருந்தால், எல்லாப் பொருள்களின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு நீர்ப்படலம் படிந்திருக்கும். சேர்ந்த மின்னேற்றம் அதன் வழியாக ஒழுகிப்போய்விடும். ஈரப்பதம் 30-ஐ நோக்கி இறங்கும்போது அந்தப் படலம் அறுந்துவிடுகிறது. ஏற்றம் போக வழியில்லாமல் உடம்பிலேயே சேர்கிறது. 3,000 வோல்ட்டுக்குக் கீழே அது நம் விரலுக்குத் தெரியக்கூடத் தெரியாது. நமக்கு உறைக்காத அந்தப் பொறி, அலுமினியப் பொடி கலந்த மருந்துக்குப் போதுமானதாக இருந்துவிடலாம். ஆகவேதான் நைலான் துணிக்குத் தடை, பருத்தி உடைக்குக் கட்டாயம், உள்ளே போகுமுன் தரையோடு இணைத்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பின் ஏற்றத்தை இறக்கும் ஏற்பாடு, தரையை நனைத்து வைப்பது. மருந்து கலக்கும் வேலையை வெயில் ஏறுமுன் காலையிலேயே முடிக்கச் சொல்வதும் இதை ஒட்டியதுதான். காலைக் காற்றில் ஈரப்பதம் அதிகம், வெப்பம் குறைவு.

அப்படியானால் ஈரம் பாதுகாப்பா? அதுவும் இல்லை. அலுமினியப் பொடியும் நைட்ரேட்டும் கலந்த மருந்தில் ஈரம் புகுந்தால் இரண்டும் மெல்ல வினைபுரியத் தொடங்கும். வெப்பம் வெளிப்படும், அம்மோனியா வாடை வரும். அம்மோனியா காரத்தன்மை உள்ளது. காரம் அலுமினியத்தின் மேல்தோலை அரிக்கும். தோல் போனால் வினை இன்னும் வேகமாகும். ஓர் இரவு மூடிவைத்த மருந்து, யாரும் தொடாமலேயே உள்ளுக்குள் சூடேறிக்கொண்டிருக்கும். கம்பி மத்தாப்பு மருந்தைக் கூழாகக் கரைத்துத்தான் கம்பியை முக்கியாக வேண்டும் என்பதால், இந்த வினையை அடக்கக் கொஞ்சம் போரிக் அமிலம் சேர்ப்பார்கள். கேரம் பலகையில் தூவும் அதே பவுடர், இங்கே காவல்காரன். குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் நுட்பமானது. ஈரக் காற்றில் கந்தகத்தின் மேல் இம்மியளவு அமிலம் ஊறும். அந்த அமிலம் குளோரேட்டைத் தூண்டிவிடும். இந்தச் சேர்க்கையைப் பட்டாசில் பயன்படுத்தக் கூடாது என்று மத்திய அரசு 1992-ல் தடை போட்டது.

ஆக, மிக வறண்டால் பொறி, மிக நனைந்தால் புழுக்கம். தொழில் இந்த இரண்டுக்கும் நடுவில் ஓர் ஒடுக்கமான வரப்பின் மேல் நடக்கிறது. வேதியியல் புத்தகம் இந்த இடத்தில் முடிந்துவிடும். முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதியும், சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ஆம் தேதியும் நடந்த வெடிவிபத்துகளை அந்தப் புத்தகம் மட்டும் விளக்கிவிடாது. முதலாவதில் நாற்பது பேர் அளவுக்கும், இரண்டாவதில் இருபது பேருக்கு மேலும் இறந்தார்கள். ஓர் அறைக்குள் எத்தனை பேர், எவ்வளவு மருந்து, யார் யாருக்கு உள்குத்தகை விட்டது என்பவை ஈரப்பதமானியில் தெரியாத அளவுகள். அறைகளை எட்ட எட்டக் கட்டச் சொல்லும் விதிக்குப் பின்னால் எளிய இயற்பியல் இருக்கிறது: வெடிப்பு அலையின் அழுத்தம் தூரத்தோடு வேகமாகச் சரியும். இடைவெளியில் ஒரு கொட்டகை போட்டு வேலையைப் பெருக்கினால் அந்த இயற்பியலை அழித்தாகிவிட்டது.

நிறத்துக்கு வருகிறேன். வானத்தில் விரியும் பேன்சி ரகத்துக்கு உயிர் மணி மருந்து என்று சொல்லும் சிறு உருண்டைகள். ஒவ்வோர் உருண்டையும் ஒரு நிறம். ஸ்ட்ரான்சியம் சிவப்பு, பேரியம் பச்சை, செம்பு நீலம். இந்த மூன்றில் எந்த உலோகமும் தனியாக நின்று நிறம் காட்டுவதில்லை. சுடரின் சூட்டில் அது குளோரினோடு நொடிநேரம் ஜோடி சேர்கிறது. அந்த ஜோடிதான் ஒளிர்கிறது. செம்பு-குளோரின் ஜோடி பலவீனமானது. சுடர் கொஞ்சம் அதிகச் சூடானாலும் பிரிந்துவிடும். சூட்டைக் குறைத்தால் வெளிச்சம் மங்கிவிடும். அதனால் நல்ல நீலம் காட்டுவதுதான் இந்தத் தொழிலில் மிகக் கடினமான காரியம். அடுத்த தீபாவளிக்கு வானத்தில் ஆழ்ந்த நீலம் தெரிந்தால், அதைச் செய்தவருக்கு ஒரு கைதட்டு கொடுக்கலாம்.

பேரியம் நைட்ரேட்டுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. காற்று ஏறக்குறைய முழுக்க நனைந்தாலொழிய அது ஈரம் இழுக்காது. தொழிலின் நைட்ரேட்டுகளில் எண் வரிசையின் உச்சியில் இருந்தது அதுதான். பச்சைக்கு மட்டுமல்லாமல் மத்தாப்பின் வெள்ளை மினுக்கத்துக்கும் அதையே நம்பியிருந்தார்கள். பேரியம் உடலுக்குக் கேடு என்பதால் 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்தது, சரவெடிக்கும் சேர்த்து. ஆலைக்காரர்கள் இந்தத் தடையை வியாபாரக் கஷ்டமாகவே பேசுகிறார்கள். வேதியியல் கஷ்டம் ஒன்றும் இருக்கிறது: பேரியத்துக்குப் பதிலாக ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டை நாடும்போது 85-க்கு இறங்கிவர வேண்டும். ஐப்பசி இரவுகளில் 85 என்பது தாராளமாகத் தாண்டப்படும் எண்.

ஐப்பசி என்றதும்தான் இந்தத் தொழிலின் மிகப் பெரிய முரண் கண்ணில் படுகிறது. மாதக்கணக்கில் வறண்ட காற்றில் காயவைத்ததை, தமிழ்நாட்டின் மிக ஈரமான பருவத்தில் கொளுத்துகிறோம். தீபாவளிக்கு முந்தின வாரம் வீட்டு மொட்டைமாடிகளில் முறத்திலும் செய்தித்தாளிலும் பட்டாசைப் பரப்பி வெயில் காட்டுவது, சிவகாசி செய்த வேலையை மறுபடி ஒருமுறை வீட்டில் செய்வதுதான். (தணிந்த இளவெயில் போதும். கண்ணாடிக்குப் பின்னாலோ அடுப்படியிலோ காயவைப்பது முட்டாள்தனம்.)

கொளுத்திய பிறகும் எண்கள் வேலை செய்கின்றன. வெடியுப்பும் கரியும் கந்தகமும் எரிந்து முடிந்ததும் பாதிக்கு மேல் புகையாகவும் சாம்பலாகவும் மிஞ்சும். அந்தப் புகையின் நுண்துகள்களில் பெரும்பகுதி மறுபடியும் உப்புகள்தான்: பொட்டாசியம் சல்பேட், பொட்டாசியம் கார்பனேட், குளோரின் சேர்ந்திருந்தால் பொட்டாசியம் குளோரைடு. குளோரைடின் எண் 84. கார்பனேட்டின் எண் வெறும் 43. வறண்ட பகலில் சிறு துகளாக மிதந்து கலைந்திருக்கக்கூடியது, ஈர இரவில் தண்ணீரைக் குடித்துப் பருத்து, வெளிச்சத்தைச் சிதறடிக்கும் துளியாகிவிடுகிறது. தீபாவளி இரவில் தெருவிளக்கைச் சுற்றிப் பனிபோல் ஒன்று படர்வதில் பட்டாசுக்கு ஒரு பங்கு, ஐப்பசிக் காற்றுக்கு ஒரு பங்கு. வெடித்த எண்ணிக்கை ஒன்றாகவே இருந்தாலும், காற்று அசையாத ஈர இரவில் மூட்டம் கூடுதலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நாக்பூரில் உள்ள நீரி ஆய்வகம் 2019-ல் வெளியிட்ட பசுமைப் பட்டாசு ரகங்களில் ஒன்றின் பெயர் சுவாஸ். வெடிக்கும்போது நீராவியை வெளிவிட்டுத் தூசியை அடக்கும்படி அதன் கலவையை அமைத்திருக்கிறார்கள். பசுமைப் பட்டாசு துகளை 30 சதவீதம் அளவுக்குக் குறைக்கும் என்பது ஆய்வகத்தின் கணக்கு. நூறு ஆண்டுகளாக மருந்திலிருந்து தண்ணீரை விரட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஊரில், அதே மருந்துக்குள் தண்ணீரை எப்படிப் பத்திரமாக உட்கார வைப்பது என்பது இப்போது போர்மேன்களுக்குப் பயிற்சி வகுப்பில் ஒரு பாடம்.